ஜைனம்புவின் எருமையும் என் எருமையும்

ஜைனம்பு மவுத்தாகிவிட்டாள் என்று பள்ளிவாசல் மைக்கில் சொன்னபோது, நான் எருமைக்கு மடி கழுவிக்கொண்டிருந்தேன். அவள் விஷயத்தில் பிறர் பேச்சை நம்பி எனக்குப் பழக்கமில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

எங்கள் இருவரிடமும் பால் வாங்கிய புதுப்பட்டினத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு எங்கள் சண்டை தெரியும். என் மருமகள் வந்த புதிதில், அவள் காதுபட ஜைனம்பு, "முனிமா பாலுல தயிரு ஒறையாது, மீனுதான் நீந்தும்" என்றாள். செத்துப்போனாள் என்பதற்காக அதை மன்னிக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், பால் இறங்குவதற்கு எருமைக்குப் பிரசவ வலி ஊசி போடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் கேட்டபோது நான் சாமிமேல் சத்தியம் செய்தேன். கூடவே, பக்கத்து வீட்டைக் கேளுங்கள் என்றும் சொல்லிவைத்தேன். அவளும் அங்கே போய் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அவள் கன்று எலும்பும் தோலுமாக நின்றது, பால் மட்டும் குறையவில்லை. அதனால் சந்தேகப்பட்டேன். என் கன்றும் அப்படித்தான் நின்றது. அது என் கண்ணில் படவில்லை.

இரண்டு வீட்டிலும் கூலிக்குக் கறந்தது ஏகாம்பரம். "ஆளு நின்னா எரும மெரளும், உள்ள போங்கக்கா" என்பான். போய்விடுவோம்.

அந்த வருஷம் அவன் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போனான். நானே கறக்க உட்கார்ந்தேன். எருமை உதைத்தது. கன்றை விட்டேன், வெந்நீர்த் துணியால் மடியைத் துடைத்தேன், சொட்டுப் பால் இறங்கவில்லை. இது ஜைனம்பு வைத்த வினைதான் என்று காலிச் சொம்போடு தெருவில் இறங்கினேன். எதிரே அவளும் காலிச் சொம்போடு வந்தாள்.

"இன்னாடி பண்ண என் எருமைய?" என்றேன்.

"நான் கேக்க வந்தத நீ கேக்குறியா? என்னுது மடியத் தொட வுடமாட்டேங்குது. நீதான் எதையோ வச்சிக்கீற."

"நீ வைக்காததையா நான் வச்சிட்டேன்?"

நம்பாமல் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் எருமையின் கழுத்தைத் தடவியவள் அப்படியே நின்றாள். "இங்க தொடு" என்றாள். ஊசி குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி கட்டியாக இருந்தது. என் கொட்டகைக்கு வந்தோம். அதே பக்கம், அதே இடம்.

மலையிலிருந்து திரும்பிய ஏகாம்பரம் மாலையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். ஜைனம்பு விடவில்லை.

"சாமிய பாத்துட்டு வந்துகீற. பொய் சொல்லாத."

"முப்பது வூடு கறக்கணும்க்கா. கன்னு ஊட்டி, பாலு எறங்கறவரிக்கும் குந்திகினு இருந்தா மத்தியானம் ஆயிடும். ஊசி போட்டா ஒரு நிமிசம். எல்லாரும்தான் போடறாங்க."

"ஒம் பொண்டாட்டிக்குத் தெனம் ரெண்டு வேள பிரசவ வலி குடுப்பியாடா?" என்று கேட்டாள். கால்நடை டாக்டர் பிறகு சொன்னதும் அதையேதான். கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்கு உதவுகிற மருந்து அது. தினம் போட்டால் உடம்பு அதற்கே பழகிவிடும், அது இல்லாமல் பால் விடாது என்றார்.

பழக்கத்தை மாற்றப் பத்து நாளைக்கு மேல் ஆயிற்று. அவள் என் கன்றைப் பிடிப்பாள், நான் கறப்பேன். பிறகு அவள் கொட்டகைக்குப் போவோம். அப்போதும் நான் தண்ணீர் கலக்கிறேனா என்று ஒரு கண் வைத்திருந்தாள். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் பாக்கெட் பாலுக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு எருமையும் பால் விட்டன. ஆனால் அவளுடையது அதற்குப் பிறகு சினை பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் பார்த்தாள். ஊசியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நாள்பட்டுப் போட்டதும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அவள் ஒரு வியாபாரியிடம் விற்றாள். அது எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியும்.

வண்டியில் ஏற்றிய பிறகு, வெறும் முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "முனிமா, ஒனக்கு மின்னாடியே எதுனா தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

தெரியும். ஏகாம்பரம் மலைக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே, அவள் குப்பைக்குழியில் பெயர் ஒட்டாத சின்ன மருந்துக் குப்பி ஒன்றைப் பார்த்தேன். அவள்தான் போடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். இன்னும் நாலைந்து சேரட்டும், குவார்ட்டர்ஸ் வாசலில் கொட்டி மானத்தை வாங்கலாம் என்று எடுத்து ஒளித்துவைத்தேன். அன்றைக்கே அவள் முகத்தில் வீசிச் சண்டை போட்டிருந்தால் அந்த ஊசி இரண்டு மாதம் முன்பே நின்றிருக்கும்.

என் அளவை, என் சத்தியம், எதையும் நம்பாதவள் அன்று, "செரி, ஒனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்ப" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை நம்பியது அந்த ஒரு தடவைதான். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அது மட்டும்தான்.