கை நனைத்த ஞாயிறு

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு மற்ற பாடமெல்லாம் தகராறு. இங்கிலீஷ் கிராமரில் மட்டும் நான் புலி. ஒருவர் கேட்ட கேள்வியை, அவர் இப்படிக் கேட்டார் என்று இன்னொருவரிடம் சொல்வதுபோல மாற்றி எழுத வேண்டும். வகுப்பே முழிக்கும், நான் பத்துக்குப் பத்து வாங்குவேன். வாங்காமல் என்ன? வீட்டில் இருபது நாளாக எனக்கு அதுதானே வேலை.

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. இத்தனைக்கும் மரக்காணம் உப்பளத்தில் இரண்டு பேரும் ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவர்கள். காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு, ஆரோவில்லில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையை அப்பா பார்த்திருந்தார். படிப்பு முடியட்டும் என்றாள் அம்மா. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “கொழம்பு போதுமான்னு உங்கப்பாவ கேளு” என்பாள் அம்மா என்னிடம். சீ என்றாகிவிட்டது எனக்கு.

மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அம்மா வேண்டுமென்றே உப்பளத்துக்குப் போய்விட்டாள். பெண் வீட்டில் அவர்கள் சோறு தின்று கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்கினால் ஊரே காறித் துப்பும். இஷ்டமில்லையென்றால் காப்பியோடு அனுப்பிவிட வேண்டும். சமைக்க வந்திருந்த அத்தை, உலை வைக்கவா வேண்டாமா என்று நச்சரித்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, சோறாக்கலாமா, காப்பியோட அனுப்பிடலாமான்னு உங்கம்மாவ கேட்டுக்கினு வா. அவ வேணாம்னா வேணாம்.”

ஓடினேன். அம்மா பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் நிறுத்தினாள்.

“கட்டிக்கப்போறவளுக்கு இஷ்டமான்னு ஒரு வார்த்த கேட்டாராமா? மொதல்ல அத கேட்டுக்கினு வா. அப்புறம் சொல்றேன்.”

அடக் கடவுளே, மறுபடியும் ஒரு கேள்வி! வெயிலில் கண் கூசியது. இதைக் கொண்டுபோனால் அப்பா ஒன்று கேட்பார், அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி இத்தனை தூரம் வர வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும், “அம்மா சோறாக்கச் சொல்லுச்சுப்பா” என்றேன்.

“சொல்லிட்டாளா?” என்றார் அப்பா, சுரத்தே இல்லாமல். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா என்னையே பார்த்தாள். அத்தை உலை வைத்தாள்.

வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு வேனில் ஏறிப் போனார்கள். அதுவரைக்கும் நான் பதிலோடு வருவேன் என்று அம்மா பாத்தியிலேயே காத்திருந்திருக்கிறாள். வந்தவள் வாசலில் கிடந்த எச்சில் இலைகளைப் பார்த்தாள். இருபது நாளில் முதல்முறையாக அப்பாவை நேராகக் கேட்டாள்.

“பொண்ண கேட்டியாய்யா நீ?”

“நீதான சோறாக்கச் சொல்லி அனுப்புன?”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்பா விறகை எடுத்தால் தோலை உரித்துவிடுவார்.

“எங்கிட்ட கேட்டாரும்மா. நான்தான் சரின்னேன்” என்றாள் அக்கா, கதவைப் பிடித்தபடி.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அக்காவை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கால் கழுவப் போனாள். அப்பாடா, அடி இல்லை, இனிமேல் தூது போகும் வேலையும் இல்லை என்று குதித்துக்கொண்டு மிச்சமிருந்த கறிச்சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா சாப்பிட வரவில்லை. அவள் பங்குக் கறியையும் நானே தின்றேன்.