நடுச்சுவரை இடிக்க வந்த கரடி

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். சுதந்திரம் வந்த பிறகு கப்பலேறிப் போய்விட்ட ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் வீடு அது. ஓட்டுக்கூரை, முன்னால் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம், பின்னால் கிணறு. இவ்வளவு குறைந்த விலைக்கு ஏன் கொடுத்தார்கள் என்பது உள்ளே குடிபோன பிறகுதான் தெரிந்தது. வீட்டின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் நாலு ஜன்னல். இன்னொன்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே பட்டப்பகலில் விளக்கேற்றினால்தான் தீப்பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியும், தீப்பெட்டி கிடைத்தால்தான் விளக்கேற்ற முடியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர். அதில் இருந்த மாடத்தில் என் தையல் மிஷின் முழுசாக உட்கார்ந்தது என்றால் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடும் பிரிவில் வேலை பார்த்தார். அவரைப் பொறுத்தவரை எதையும் தாளில் வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பரணில் ஏறிப் பார்த்து, கூரை அந்தச் சுவர்மேல் உட்காரவில்லை, இடித்தால் ஓடு ஒன்றுகூட அசையாது என்று உறுதி செய்துகொண்டு, அழகான பிளான் ஒன்று வரைந்தார். இடிக்க வேண்டிய சுவருக்குச் சிவப்பு மை. பிளானை மாட்டுவதற்கு வேறு இடம் இல்லாமல் அந்தச் சுவரிலேயே மாட்டினார்.

ஆள்தான் கிடைக்கவில்லை. முதலில் வந்த மேஸ்திரி சொன்ன கூலியைக் கேட்டு, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோதுகூட வியர்க்காத என் கணவருக்கு வியர்த்தது. அடுத்து வந்தவர் நியாயமான கூலி கேட்டார். ஆனால் இடித்த இடத்தில் ஏதாவது கட்டவும் வேண்டும் என்றார்.

"அங்க ஒண்ணும் கட்ட வேணாமே. இடிச்சாப் போதும்" என்றார் என் கணவர்.

"அது எப்பிடி சார்? இடிச்சிட்டுப் போறவன்னு ஒருவாட்டி பேரு வந்துட்டா அப்பறம் யாரு என்னைக் கட்டக் கூப்புடுவாங்க? ஒரு சின்னச் சுவராவது வச்சுக் குடுக்கறேன்."

சுவரை எடுத்துவிட்டு அதே இடத்தில் சின்னச் சுவர் எதற்கு என்று அவரிடம் புரியவைக்க முடியவில்லை. போய்விட்டார்.

கடைசியில் என் கணவரே ஒரு சனிக்கிழமை கடப்பாரை வாங்கிக்கொண்டு வந்தார். ஓங்கிக் குத்தினார். அது சுவருக்குள் முழங்கை ஆழம் போய் அங்கேயே நின்றுவிட்டது. இழுத்தார், ஆட்டினார், தொங்கியும் பார்த்தார். வரவில்லை. அந்த வாரம் முழுக்க அதில் துண்டு காயப்போட்டோம்.

அந்தத் துண்டைப் பார்த்துத்தான் பால்காரர் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்குப் போயி ஏன் கஷ்டப்படறீங்க? கரடிக்குச் சொல்லி அனுப்பட்டுமா? கூலியே வேணாம். சுவத்து மண்ணைக் குடுத்தாப் போதும்" என்றார்.

நான் பாளையங்கோட்டைக்காரி, பள்ளிக்கூட டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகுதான் பெங்களூர். வந்த புதிதில் இங்கே எதைக் கேட்டாலும் ஆச்சரியப்படுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் கேட்டேன்.

"கரடிக்கு எதுக்குங்க மண்ணு?"

"உருள்றதுக்குத்தான். பழைய மண்ணுன்னா அவ்வளோ இஷ்டம்."

"சாப்பிட?"

"பால் ஊத்துங்க. பாதாம் இருந்தா நாலு போடுங்க. நானே பால் கொண்டாந்து தர்றேன்."

"கடிக்காதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "புதுசா சேந்தது ஒண்ணு ரெண்டு கோவத்துல கடிச்சிடும். வஸ்தாது கிட்டயே நிப்பாரு, ஒரு தட்டு தட்டுவாரு. நீங்க பயப்படாதீங்க."

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். "சுவரை இடிக்கக் கரடியக் கூட்டிட்டு வருதாராம் பால்காரர்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அட, எனக்குத் தோணவே இல்லியே! நல்ல யோசனை" என்று சொல்லிவிட்டு, பிளானில் எதையோ திருத்தப் போய்விட்டார். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இங்கே இது வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கோழிகளைக் கூண்டில் அடைத்தேன். வெல்லப் பானையைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வாசலில் சத்தம் கேட்டதும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"உள்ள என்ன செய்றே? வந்துட்டாங்க பாரு" என்று கதவைத் தட்டினார் என் கணவர்.

"கட்டிப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டேன்.

வந்தவர்கள் மனிதர்கள். குஸ்தி பழகும் கூடத்துக்குக் கன்னடத்தில் கரடி மனை என்று பெயராம். இங்குள்ள தமிழர்கள் அதைச் சுருக்கிக் கரடி என்றே சொல்வார்களாம். முதல் எழுத்தைக் 'கங்கை'யில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று என் கணவர் பிற்பாடு விளக்கினார். விளக்குவதற்கு முன்னால் சிரிப்பை அடக்கி முகத்தை நேராக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பயில்வான்கள் நின்றார்கள். எல்லாரும் அல்சூர்ப் பக்கத்துத் தமிழர்கள். பகலில் மூட்டை தூக்குவதும் வண்டி இழுப்பதும் வேலை, விடியற்காலையில் குஸ்தி. அவர்களுக்கு முன்னால் முண்டாசு கட்டி, நரைத்த மீசையோடு, வயசான ஒருவர் நின்றார். அவர்தான் வஸ்தாது, அவர்களுடைய குரு. அவர் சுவரைக் கொஞ்சம் சுரண்டி, மண்ணை விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார்.

"பதமான மண்ணு டீச்சரம்மா. எண்ணெயும் மஞ்சளும் மோரும் ஊத்திப் பெசஞ்சா மெத்தை மாதிரி இருக்கும். விழுந்தா அடியே படாது."

என் கணவர் பிளானைக் காட்டினார். வஸ்தாது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதுல சுவரு எங்க சார்?"

"இந்தச் சிவப்புக் கோடு."

"இவ்ளோ மெலிசா? அப்ப மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

சம்மட்டியையும் மண்வெட்டியையும் கொண்டுவந்து வைத்தோம். வஸ்தாது அவற்றைக் காலால் ஒதுக்கினார். ஆயுதம் தொடுவது அவர்கள் முறை இல்லையாம். கை, தோள், முதுகு, இவ்வளவுதான். சுவரில் மாட்டியிருந்த கடப்பாரையை மட்டும், அது சுவரின் பக்கம் நிற்கிற ஆயுதம் என்பதால், ஒரு பயில்வான் பிடுங்கிப் போட்டார். பிறகு எல்லாரும் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எதிராளிக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது. இருப்பதிலேயே இளையவர் முன்னால் வந்து தொடையைத் தட்டினார்.

தள்ளினார்கள். முதலில் தனித்தனியாக, பிறகு இரண்டிரண்டு பேராக, அப்புறம் எல்லாரும் சேர்ந்து. சுவர் இம்மியும் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரு ஜனங்கள் கூடிவிட்டார்கள். நான் பால் கொண்டுபோனேன். அறைக்குள் நான் கால் வைத்ததும் பயில்வான்கள் அத்தனை பேரும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பழகுகிற காலத்தில் பெண்களை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று வஸ்தாது விதி வைத்திருந்தார்.

"பால் வச்சிருக்கேன்" என்றேன் அவர்கள் முதுகுகளைப் பார்த்து.

"சரிம்மா" என்றன முதுகுகள்.

சுவரைப் பார்த்தபடியே குடித்தார்கள். எத்தனை செம்புப் பால்! பால்காரர் ஏன் இந்த யோசனை சொன்னார் என்பது அப்போது விளங்கியது.

டீச்சரம்மா வீட்டுச் சுவர் கரடியை ஜெயித்துவிட்டது என்று அன்றைக்கே ஊரெல்லாம் பேச்சு. சிவாஜி நகர்ப் பக்கத்து வேறொரு கரடியிலிருந்து ஆள் வந்து, நாங்கள் வேண்டுமானால் பார்க்கட்டுமா என்று கேட்டார். அது வஸ்தாதின் காதுக்குப் போனது. நேராக வந்துவிட்டார்.

"இது எங்க சுவரு. நாங்க சாய்க்கிற வரைக்கும் வேற ஒருத்தன் கை அது மேல படக் கூடாது" என்றார். என் கணவரையும் சேர்த்துத்தான் சொன்னார்.

இப்படியாக, எங்கள் வீட்டுச் சுவரைத் தொடுவதற்கு எங்களுக்கே உரிமையில்லாமல் போனது. அவர்கள் தினமும் காலையில் வந்து தள்ளினார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரம் தோற்றுவிட்டுக் கிளம்பினார்கள். மழையில் நனைந்தால் மண்சுவர் இளகும், ஆனால் இது வீட்டுக்குள் அல்லவா இருக்கிறது என்று ஏங்கிக்கொண்டிருந்த என் கணவருக்கு அதிலிருந்து ஒரு யோசனை வந்தது.

"வஸ்தாது, நீங்க மல்லுக்கு எறங்கறதுக்கு முன்னாடி மண்ணுல தண்ணி தெளிப்பீங்க இல்லியா?"

"ஆமா, அது முறைதான்."

"அப்ப சுவர் மேலயும் தெளிக்கலாமே? அதுவும் மண்ணுதானே?"

வஸ்தாது வெகுநேரம் மீசையைத் தடவினார். தெளிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து பயில்வான்கள் ஏணியில் ஏறிச் சுவரின் தலையில் குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரைத் தெளித்தார்கள். வீடு முழுக்க வயல் வாசனை அடித்தது. என் புடவைகளில் பூஞ்சை பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து திரும்பி வந்தபோது ஜன்னல் வழியாகப் புழுதி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஓடினோம். சுவரைக் காணோம். நாங்கள் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அது யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் தன்பாட்டுக்குச் சரிந்திருந்தது. மண் குவியலுக்கு அந்தப்பக்கம் இருட்டறை. அதன் மூலைவரைக்கும் வெளிச்சம். அங்கே ஒரு அலமாரி இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் கணவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வஸ்தாதுக்குச் சொல்லி அனுப்பினோம். சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் வந்து மண்மேட்டின் மேல் உட்கார்ந்தார். முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விழுறப்ப யாருமே பாக்கலியா?"

"நாங்க சர்ச்சுல இருந்தோம்."

"தானா விழுந்துச்சு. நாங்க ஜெயிக்கல" என்றார். "சிவாஜி நகர்க்காரன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? இந்த மண்ணை நான் எந்த மொகத்தோட எடுத்துட்டுப் போவேன்?"

அவர் குரல் உடைந்துபோயிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மண்ணை அவர் எடுக்காவிட்டால் எங்கள் கதி என்ன என்ற கவலை வேறு. அப்போது என் கணவர்தான் கவனித்தார். ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு துண்டுச் சுவர் விழாமல் நின்றுகொண்டிருந்தது.

"முழுசா விழலியே வஸ்தாது. இதோ இன்னும் நிக்குதே. நாளைக்குக் காலையில வச்சுக்கலாம். தெருவுல எல்லாரையும் கூப்பிடறேன்."

வஸ்தாது அந்தத் துண்டை ஏற இறங்கப் பார்த்தார். முண்டாசை எடுத்துக் கட்டிக்கொண்டார். "இதுக்குப் பசங்க வேணாம். நானே எறங்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கிழவர் தனியாகத் தள்ளி அது விழாவிட்டால்? என் கணவர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பொழுது சாயும்வரை அவர் இறைத்தார், நான் ஊற்றினேன்.

காலையில் தெருவே உள்ளே நின்றது. வஸ்தாது சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, குனிந்து சுவரை வணங்கி, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். மண் ஈரம் கைக்குத் தெரிந்திருக்கும். மெதுவாகத் திரும்பி என் கணவரைப் பார்த்தார். பிறகு என்னை. அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு கூரையைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். தோளைக் கொடுத்து ஒரு உந்து உந்தினார். துண்டுச் சுவர் பொத்தென்று விழுந்தது. ஜனங்கள் கை தட்டிய தட்டலில் கூண்டுக்கோழிகள் அலறின.

நான் பால் கொண்டுவந்தேன். பயில்வான்கள் வழக்கம்போலத் திரும்பினார்கள். திரும்பிக்கொள்ளச் சுவர் இல்லை. ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி, ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு, கடைசியில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள்.

மண்ணை அவர்களே கோணிப்பைகளில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். தரையையும் கொஞ்சம் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய, சின்னச் சுவராவது கட்டியே தீருவேன் என்ற அந்த மேஸ்திரியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. தரை போட்ட கையோடு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், வாசல் ஓரமாகச் செருப்பு விடுவதற்கென்று முழங்கால் உயரத்தில் ஒரு சுவர் கட்டிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு தெருவில் என்னை எங்கே கண்டாலும் பயில்வான்கள் நின்று, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்தபடி கும்பிடுவார்கள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலிலேயே இது நடந்தது. மூட்டை வண்டியை நிறுத்திவிட்டு நாலு பேர் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். என் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மறுநாளிலிருந்து வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளை எப்படி இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "அன்பாத்தான் பேசுதேன்" என்றேன். அவர் மெச்சிக்கொண்டார். அடுத்த வருஷம், பள்ளிக்கூடத்திலேயே யாருக்கும் அடங்காத இரண்டு வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்து என்னிடம் கொடுத்தார்.