ஒரு கோப்பையோடு நின்ற மெஷின்

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் எனக்கு முன்பே ஒருத்தி வாழ்ந்திருந்தாள். என் கணவரின் முதல் மனைவி. பிள்ளை குட்டி எதுவும் இல்லாமல், விஷக்காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டவள். இது தெரிந்துதான் நான் கழுத்தை நீட்டினேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. எங்கள் வழக்கப்படி, என் தாலியோடு மூத்தவளுக்கென்று ஒரு சின்னத் தங்கப் பொட்டையும் கோத்துக் கட்டினார்கள். பின்னால் வந்தவளை அவள் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். செத்தவளோடு எனக்கு என்ன சண்டை? குண்டுமணித் தங்கம் அவளுக்குப் போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு டீமேக்கர் வேலை. ஃபெக்டரியில் கொழுந்து வாடுவதிலிருந்து பெட்டியில் தூள் அடைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு நாளைக்கு எத்தனையோ கோப்பைத் தேயிலையை வாயில் விட்டுத் துப்புகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணியைக் கண்ணால் பார்க்க மாட்டார். கோப்பிதான் வேண்டும். அதுவும் ஒரு மெஷினில் போட்ட கோப்பி.

அந்த மெஷின் துரையின் பங்களாவிலிருந்து வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட காலத்தில் வெள்ளைக்காரத் துரை குடும்பம் மூட்டை கட்டியபோது, துரைசாணி அதை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாளாம். அலுமினியத்தில் செய்தது, கீழே ஒரு பாத்திரம், மேலே ஒரு பாத்திரம், இரண்டையும் திருகிச் சேர்க்க வேண்டும். கீழே தண்ணீர், நடுவில் தூள். அடுப்பில் வைத்தால் தண்ணீர் கொதித்து, தூளைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறிக் கோப்பியாக நிற்கும். சரியாக இரண்டு கோப்பை. அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. விடியக்காலையில் இரண்டு பேரும் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து குடிப்பார்களாம். இதை எனக்குச் சொன்னது பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்த, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிளாக்கர் வீட்டு அக்கா. கேட்டபோது என் வயிறு எரிந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அவள் போன பிறகு அவர் மெஷினை அடுப்பில் ஏற்றவில்லை. சாமித்தட்டில் அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் கையோடு மெஷினுக்கும் வைப்பார். இரண்டு பாத்திரமும் சேருகிற இடுப்பைச் சுற்றி, கலசத்துக்குப் பூசுவது போல ஒரு சந்தனப் பட்டை, முன்னால் குங்குமம். நான் வந்த பிறகு மெஷின் அடுப்புக்கு இறங்கியதே தவிர வெள்ளிக்கிழமைப் பொட்டு நிற்கவில்லை. எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அம்மிக்கும் அரிவாளுக்கும் லொறிக்கும் பொட்டு வைக்கிற ஆட்கள் நாங்கள்.

ஆனால் மெஷின் நான் வந்த முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பையோடு நின்றுவிட்டது. கொரகொரவென்று ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும், பாதியில் ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான். திறந்து பார்த்தால் கீழே பாதித் தண்ணீர் அப்படியே கிடக்கும். வந்த ஒரு கோப்பையை அவள் படத்துக்கு முன்னால் வைப்பார். கொஞ்ச நேரம் கை கட்டி நிற்பார். ஆறிப்போனதை எடுத்து அவரே குடிப்பார். எனக்கு? எனக்குச் சாயத்தண்ணி, பால் விடாத வெறும் தேத்தண்ணி.

"இன்னும் அவளுக்கு மனசு வரல புள்ள. ஒனக்கு ஊத்த மாட்டேங்கிறா," என்றார் ஒரு நாள்.

அதை வருத்தத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. ஊருக்குப் போனவளிடமிருந்து சேதி வந்தது போல. அவர் எனக்கு முன்பே எழுந்து அடுப்படிக்குப் போவதும், அங்கே தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதும் அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அதற்கு முன் முருகனைக் கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன். பாயில் படுத்தபடி காதைத் தீட்டிக் கேட்டால், சீனிக்குக் கூப்பன் கிடைக்காதது, ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலரின் பெல்ட் அறுந்தது, மழை. என்னிடம் ஒரு நாளும் சொல்லாத கதையெல்லாம் அந்த அலுமினியத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பற்றி என்ன சொன்னாரோ, அது என் காதில் விழவில்லை.

கிளாக்கர் வீட்டு அக்கா சந்தேகமே இல்லை என்றாள். "மூத்தவதான். அவளுக்கு ஒரு சீல எடுத்து வச்சுப் படையல் போடு. போட்டாத்தான் வழி விடுவா."

போட்டேன். அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பிரட்டல், முருங்கைக்காய்க் குழம்பு, பண்டாரவளையில் எடுத்த அரக்குச் சீலை. திரை மறைவில் இலை போட்டு, வெளியே நின்று, "அக்கா, நான் ஒங்களுக்குப் போட்டியா வரல" என்று வாய்விட்டே சொன்னேன். மறுநாள் காலையில் மெஷின் ஒரு கோப்பை ஊற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டது. அன்று அடுப்படியில் நான் மட்டும்தான் இருந்தேன். அந்த மூச்சு அடுப்பிலிருந்து வந்தது போல இல்லை. என் பிடரிக்குப் பின்னால் நின்று ஒருத்தி விட்டது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐயோ, இப்படியும் ஒரு பிழைப்பா என்று உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். சீலையும் வாங்கிக்கொண்டு, சோறும் தின்றுவிட்டு, ஒரு கோப்பை கோப்பி தர மாட்டாளாமா? அவளே வரட்டும், வந்து முகத்துக்கு நேரே சொல்லட்டும். அதற்கு முன்னால் இந்த மெஷினை ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

முதலில் என் தூள் மேல்தான் சந்தேகம் வந்தது. லுணுகலைப் பக்கத்துக் கோப்பிக் கொட்டையை வறுத்து, கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடித்து, துணியில் சலித்து மாவு மாதிரி வைத்திருந்தேன். கொத்தமல்லியை விட்டேன், சுக்கை விட்டேன், கொரகொரப்பாக இடித்தேன். நின்றது. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். நின்றது. மண்ணெண்ணெய் அடுப்பின் திரியை மாற்றினேன். தேசிக்காய் பிழிந்து ஊற்றிக் கொதிக்க வைத்து உள்ளே இருந்த வெள்ளைப் படிவத்தைக் கழற்றினேன். நின்றது. இரண்டு பாத்திரத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அது காய்ந்து போயிருக்கும் என்று பண்டாரவளைக்கு பஸ் ஏறி, இரும்புக்கடை முதலாளி நானாவிடம் காட்டினேன்.

"இதுக்கு ரப்பர் இந்த டவுன்ல எங்கயும் இல்ல தங்கச்சி," என்றவர், லொறி டியூப்பில் ஒன்றை அளவாக வெட்டிக் கொடுத்தார். அதைப் போட்டும் நின்றது. பெருமூச்சு மட்டும் முன்னைவிடப் பலமாக வந்தது.

"ஏங்க, பாயில படுத்துக்கிட்டே எந்த ரோலர் கத்துதுன்னு சொல்றீங்க. இத ஒரு தடவ பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"விடு புள்ள. ஃபெக்டரி வேற, இது வேற," என்றார். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பார்க்கத் தெரியாமல் இல்லை, பார்க்க மனமில்லை. அது எனக்கு விளங்கிவிட்டது. அதற்கு மேல் யாரை நம்புவது? நானே அடுப்புக்கு முன்னால் குந்தி, மெஷினுக்குக் காது கொடுத்தேன். கோப்பி ஏறும்போதே எங்கேயோ மெல்லிய சீறல் கேட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைவாரும் கண்ணாடியை எடுத்து வந்து, மெஷினைச் சுற்றி மெதுவாகக் காட்டினேன். மேலே காட்டினால் தெளிவு. கீழே காட்டினால் தெளிவு. இடுப்பில் காட்டியதும் கண்ணாடியில் என் முகம் மறைந்து வெள்ளையாகிவிட்டது.

அங்கேதான் ஸ்டீம் போய்க்கொண்டிருந்தது. ஆறவிட்டுத் திறந்தேன். வாராவாரம் பூசிய சந்தனம் திருகு மரைக்குள்ளே இறங்கி, காய்ந்து, கல்லாகி, விளிம்பெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. அதுவரை அதை அலுமினியத்தின் பழங்கறை என்று நினைத்து விட்டிருந்தேன். அதன் மேல் எந்த ரப்பர் உட்காரும்? இறுக்கம் இல்லாமல் ஸ்டீமெல்லாம் பக்கவாட்டில் போய்விட, மிச்சத் தண்ணீர் மேலே ஏறப் பலமில்லாமல் கிடந்தது. நான் சிரித்தேன். சிரித்துவிட்டு ஈரத்துணியை எடுத்தவள், தொடப் போன இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

அவர் வேலை முடிந்து வந்ததும் அடுப்படிக்குக் கூப்பிட்டு, மெஷினை ஏற்றி, இடுப்பில் கண்ணாடி வெள்ளையாவதைக் காட்டினேன், ஆறவிட்டுத் திறந்து பொருக்கையும் காட்டினேன். ஸ்டீம் தெரிந்த மனிதர், ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. 

"பூவும் பொட்டுமாப் போனவ. அவ பொட்ட அழிக்கச் சொல்றியா?"

"அவங்க பொட்டு படத்துல இருக்குங்க. அத நான் தொடவே இல்ல. இது பாத்திரம்."

"அப்ப நீயே தொடச்சிருக்கலாமே, எனக்குத் தெரியாம."

"நான் தொடச்சா காலத்துக்கும் நான் அழிச்சதா ஆயிரும். நீங்க தொடைங்க. இல்லாட்டி அப்புடியே இருக்கட்டும், நான் இனிமே கேக்கல. ஆனா இந்த வீட்டுல எனக்கு ஒரு கோப்பை இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க."

ஈரத்துணியை அவரிடம் நீட்டினேன். அவர் துணியை வாங்கிக்கொண்டார். குழந்தையின் முகத்தைத் துடைப்பவர் மாதிரி துடைத்தார். குங்குமம் கரைந்து அவர் விரலெல்லாம் சிவப்பானது. மரைக்குள் இருந்ததைத் தென்னை ஈர்க்கால் துளித்துளியாகத் தோண்டினார். பிறகு அவரே தண்ணீர் ஊற்றி, தூள் போட்டு, திருகி, அடுப்பில் ஏற்றினார்.

கோப்பி ஏறியது. ஒரு கோப்பை அளவு வந்ததும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பெருமூச்சு வரவில்லை. மேலும் ஏறி, இரண்டு கோப்பையும் நிறைய வந்து, அதன் பாட்டில் அடங்கியது.

"போயிட்டா," என்றார்.

மூத்தவளின் சாவு வீட்டில் அவர் அழவே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அன்று அழுதார். சத்தம் கேட்டுக் கிளாக்கர் வீட்டில் கதவு திறந்தது. நான் அவர் முதுகைத் தொட்டேன், அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. அழுகை ஓய்ந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, ஒரு கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்து, இன்னொன்றோடு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டது இதைத்தான். கேட்டது கிடைத்துவிட்டது. அவர் முதன்முதலாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். என் கையை, என் வாயை, கோப்பையை நான் பிடிக்கிற விதத்தை. பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண் யாரைத் தேடுகிறது என்று தெரிந்ததும், அந்த வீட்டில் அதுவரை இல்லாத பயம் எனக்கு வந்தது. பயத்தை மறைக்கக் கோப்பையைத் தூக்கி ஊதினேன்.

"அவ ஊதிக் குடிக்க மாட்டா," என்றார்.

நான் ஊதுவதை நிறுத்தினேன். கொதிக்கக் கொதிக்கக் குடித்தேன். நாக்கு வெந்துபோனது.