கெரின் பெஸலும் கடற்பாசி தின்ற எலிகளும்

ஹோபார்ட் நகரத்தில் கெரின் பெஸலைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சரியாகத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கடைத்தெருவில் அவளைக் கண்டால், "கடற்பாசி டாக்டர்தானே நீங்க?" என்று ஓடிவந்து முழங்காலைக் காட்டுவார்கள். அவள் முழங்கால் பார்க்கிற டாக்டர் இல்லை. எலிகளின் மறதியைப் பார்க்கிறவள். அதைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் விழுந்துவிடும் என்பதால், "நிறைய நடங்க" என்று சொல்லிவிட்டு, சாமான் வாங்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

அவளைப் பிரபலமாக்கிய ஆய்வு சின்னதுதான். கிழட்டு எலிகளுக்குக் கடற்பாசித் தூள் கலந்த தீனி போட்டாள். பிறகு வெள்ளைச் சாயம் கலந்த தொட்டித் தண்ணீரில் அவற்றை நீந்த விட்டாள். தண்ணீருக்கடியில் ஒரு சின்ன மேடை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நேற்று அது எங்கே இருந்தது என்று நினைவிருக்கிற எலி நேரே போய் ஏறிக்கொள்ளும். நினைவில்லாத எலி, சான்றிதழ் வாங்க அரசு அலுவலகத்துக்கு வந்தவன் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். பாசி தின்ற எலிகள் நேரே போயின. அவ்வளவுதான் சங்கதி.

கட்டுரையில் 'எலிகளில்' என்றும், 'ஒருவேளை' என்றும், 'மேலும் ஆராய வேண்டும்' என்றும் அவள் பொறுப்பாகத்தான் எழுதியிருந்தாள். பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவு 'ஒருவேளை'யைத் தொலைத்தது. பத்திரிகை 'மேலும் ஆராய வேண்டும்' என்பதைத் தொலைத்தது. தொலைக்காட்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் எலியும் தொலைந்துவிட்டது. 'மறதிக்கு மருந்து நம் கடற்கரையில்' என்று தலைப்பு வந்தது. சனிக்கிழமைச் சந்தையில் ஒருவன் கடற்பாசி மாத்திரை விற்கத் தொடங்கினான். கெரினின் துணைவன் கிரெய்கின் அம்மா பெவர்லி தினமும் அதைச் சாப்பிட்டாள். சாப்பிட்டோமா என்று மறந்துபோய் இன்னொரு முறையும் சாப்பிட்டாள்.

இத்தனை புகழுக்கும் சொந்தக்காரியான கெரினுக்கு நிரந்தர வேலை கிடையாது. பதினான்கு வருடமாக அவள் தற்காலிகம். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒப்பந்தம் முடியும், யாராவது பெருமூச்சு விட்டுப் புதுப்பிப்பார்கள். இந்த வருடம் அந்தப் பெருமூச்சும் கிடையாது என்று துறைத் தலைவர் ரோவன் முன்பே சொல்லிவிட்டார்.

"உன்னை வச்சுக்கணும்னு எனக்கும் ஆசைதான், கெரின். ஆசையைச் சம்பளமா போட முடியாதே. பெரிய கிராண்ட் வந்தா நீ இருக்கே. வரலைன்னா நல்ல கேக்கா வாங்கி அனுப்பி வைப்போம்."

அந்த மானியத்துக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் வேறு எங்கே போய் வேலை தேடுவது? எலியை நீந்தவிடத் தெரியும் என்றால் எந்தக் கடையில் வேலை தருவார்கள்?

இந்த நிலைமையில்தான் ஓர் ஆய்விதழ், ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தரும்படி அவளைக் கேட்டது. இது அந்த உலகத்து வழக்கம். எழுதியவர் பெயரை மதிப்பிடுகிறவருக்குச் சொல்ல மாட்டார்கள், மதிப்பிடுகிறவர் பெயரை எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். கூலி கிடையாது. கௌரவம் உண்டு என்பார்கள், அதையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு பேர். முதலாமவர் பெரும்பாலும் நல்லவராக இருப்பார், இரண்டாமவர் கடித்துக் குதறுவார். இது எப்படியோ எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி அமைந்துவிட்டது. கெரினின் கடைசிக் கட்டுரையை ஓர் இரண்டாமவர், 'இதை எழுதியவர் எலியை நேரில் பார்த்திருக்கிறாரா என்பதே சந்தேகம்' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். அந்தப் புண் ஆறாமல் இருந்தபோதுதான் இது வந்தது. இந்த முறை இரண்டாம் இடம் அவளுக்கு.

கட்டுரையைத் திறந்தாள். அவளுடைய அதே சோதனை. கிழட்டு எலி, கடற்பாசி, தொட்டி, மேடை. அதே முடிவு. முதல் பத்தியிலேயே 'முதன்முறையாக' என்று ஒரு சொல். அதைப் பார்த்ததும் கெரினுக்குத் தலைக்கேறியது. அதற்குப் பிறகு அவள் படித்தது படிப்பில் சேராது.

கிரெய்க் சிப்பிப் பண்ணையில் வேலை செய்கிறவன். அன்று கொண்டுவந்த சிப்பிகளைச் சமையலறையில் நின்று கத்தியால் திறந்துகொண்டிருந்தான்.

"யாரை வெட்டிட்டு இருக்கே? டைப் அடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"மாண்ட்ரியால்காரனை."

"பேரே போட மாட்டாங்கன்னு சொன்னே?"

"பேரு எதுக்கு? திமிரைப் பார்த்தாலே தெரியுதே. அன்னைக்கு மாநாட்டு விருந்துல என் பக்கத்துல உக்காந்துட்டு எனக்கு முதுகைக் காட்டிட்டே சாப்பிட்டான்ல, அவனேதான். 'முதன்முறையாக'வாம்! அப்ப நான் பண்ணினது என்ன, எலிக்கு நீச்சல் க்ளாஸா?"

"உன் முடிவு சரின்னுதானே சொல்றான்?"

"ஆமா."

"அப்புறம் என்னடி?"

"என் பேரைக் கொண்டுபோய்க் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டுட்டு சரின்னு சொன்னா, அது சரியே இல்லை."

கிரெய்க் ஒரு சிப்பியை வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததைத் திறக்கப் போனான். அவன் நல்ல புத்திசாலி.

நிராகரிக்கவும் மனம் வரவில்லை அவளுக்கு. நிராகரித்தால் ஒரே நாளில் அவனுக்கு வலி போய்விடும். வேலை வைக்க வேண்டும். கடைசியில் இப்படி எழுதினாள்: 'பாசி கலந்த தீனி பிடிக்காமல் எலிகள் குறைவாகத் தின்றிருக்கலாம். ஆகவே சாதாரணத் தீனியை அதே அளவுக்குக் குறைத்துக் கொடுத்த இன்னொரு கூட்டம் எலிகளோடு ஒப்பிட்டுக் காட்டாதவரை, இதை ஒரு முடிவாகவே ஏற்க முடியாது.' கிழட்டு எலி கேட்டவுடன் கடையில் கிடைக்காது. குட்டியை வாங்கி, வளர்த்து, இரண்டு வருடம் காத்திருந்துதான் கிழமாக்க வேண்டும். மாண்ட்ரியால்காரன் இரண்டு வருடம் எலி மேய்க்கட்டும் என்பதுதான் அவள் நோக்கம். அறிவியல் அதில் தற்செயலாகக் கலந்துவிட்டது. இதே கேள்வியைத் தன் ஆய்வைப் பார்த்து அவள் கேட்டதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம்தானே.

அனுப்பியதும் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

மலையில் பனி உருகி முடிந்த சமயத்தில் மானியக் குழுவிடமிருந்து தகவல் வந்தது. ரோவன் தேநீர் அறையிலேயே அவளைப் பிடித்தார்.

"நல்ல சேதி. ரொம்பப் பிடிச்சிருக்காம் அவங்களுக்கு. ஒரே ஒரு கேள்விதான். உன் முடிவை வேற ஏதாவது லேப் செஞ்சு பார்த்து உறுதி பண்ணியிருக்கான்னு கேக்கறாங்க. ஆமான்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. யாராவது பண்ணியிருக்காங்களா?"

கெரின் கோப்பையை மேசையில் வைத்தாள். யாராவது பண்ணியிருக்கிறார்களாம். அழகாகப் பண்ணி, எழுதி, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள்தான் நாயை அவிழ்த்துவிட்டாள்.

அன்றே இதழாசிரியருக்கு எழுதினாள். நிதானமாக யோசித்ததில் அந்தக் கட்டுரை மிகச் சிறப்பானது என்று தோன்றுவதாகவும், தான் கேட்ட சோதனை அப்படியொன்றும் அவசியமில்லை என்றும், உடனே வெளியிடலாம் என்றும். இதழாசிரியர் நெகிழ்ந்துபோய்ப் பதில் எழுதினார். 'உங்கள் பெருந்தன்மை வியக்க வைக்கிறது. ஆனால் கட்டுரையாளர்கள் உங்கள் கேள்வியை மிகவும் மதித்து, அந்தச் சோதனையைத் தொடங்கி, முடிக்கும் கட்டத்துக்கே வந்துவிட்டார்கள். வேறொரு வேலைக்காக வளர்த்த கிழட்டு எலிகள் அவர்களிடம் தயாராக இருந்தனவாம். உங்களைப் போல் கண்டிப்பானவர்கள் இன்று அபூர்வம்.'

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன்னு சொல்லு" என்றான் கிரெய்க்.

"காசு கூட இல்லை. இலவசமா வச்சுக்கிட்டேன்."

குழுவுக்குப் பதில் அனுப்ப வெள்ளிக்கிழமைவரை நேரம் இருந்தது. அந்த வாரம்தான் நரம்பியல் மாநாடும் துறைமுகத்துப் பக்கம் நடந்தது. காலைத் தேநீர் இடைவேளையில், தேங்காய்த்தூள் உதிரும் லாமிங்டன் கேக்கை ஒரு கையில் பிடித்தபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான் கேலம் ராட்ரே. ஒரு காலத்தில் இதே ஊரில் அவளுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து படித்தவன், இப்போது நியூசிலாந்தில் டனீடனில் சொந்த ஆய்வகம் வைத்திருக்கிறான். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன்.

"கெரின்! உன்னைத்தான் தேடிட்டு இருந்தேன். உன் பாசி எலி இருக்கில்ல, அதை நாங்க செஞ்சு பார்த்தோம். நீ ஆண் எலியில பண்ணினியே, நாங்க பெண் எலியில. 'பெண் எலிகளில் முதன்முறையாக'ன்னு முதல் வரியிலயே போட்டோம்."

'பெண் எலிகளில்.' அந்தச் சொல் அவள் கண்ணில் படவே இல்லை. மாண்ட்ரியால்காரன் பாவம், தன் ஊரில் எதுவும் தெரியாமல் யாருக்கோ முதுகைக் காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

"உன்னோட முடிவு அப்படியே வந்துச்சு" என்றான் கேலம். "சந்தோஷமா அனுப்பினோம். அங்க ஒரு ரெண்டாம் நம்பர் மாட்டினான் பாரு, விஷம்னா விஷம்! என் ஸ்டூடண்ட் படிச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதா. தீனியைக் குறைச்சுக் கொடுத்துப் பண்ணிக் காட்டுன்னுட்டான்."

"பண்ணினீங்களா?" என்றாள் கெரின்.

"பண்ணினோம். எலி ஏற்கனவே கையில இருந்துச்சு. கெரின், இதை உன்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். வெறும் தீனியைக் குறைச்சுத் தின்ன எலியும் அதே மாதிரி நேரா போகுது. பாசியில ஒண்ணும் இல்லை. அதுங்களுக்கு அந்த ருசி பிடிக்கலை, கம்மியா தின்னுச்சு, இளைச்சுச்சு, மூளை தெளிஞ்சுச்சு. அவ்வளவுதான். மன்னிச்சுக்கோ."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் புத்தி தெளியும் என்பதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம், இரண்டு நாடு, எண்ணற்ற எலிகள். கெரினுக்குத் தன் எலிக்கூண்டுகள் நினைவுக்கு வந்தன. பாசித் தீனியை எலிகள் முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் தள்ளும். அவளும் மற்றவர்களும் தினமும் பார்த்து, 'எலிக்கும் ருசி தெரியுது பார்' என்று சிரித்திருக்கிறார்கள். சிரித்ததோடு சரி. அவளுக்கு உடம்பெல்லாம் வெட்கமாக இருந்தது.

"அந்த ஆள் மிருகம்தான். ஆனா சரியான கேள்வி கேட்டான்" என்றான் கேலம். "எங்களுக்குத் தோணலையே!"

"கேலம், அந்த ஆள் நான்தான்."

 அவன் லாமிங்டன் தூள் பறக்கச் சிரித்தான். "நல்லா இருக்கு! இவ்வளவு பெரிய அடி வாங்கியும் ஜோக் அடிக்கறே பாரு, அதான் கெரின். எவளாவது தன் கழுத்தைத் தானே அறுத்துக்குவாளா?" தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு இன்னொரு துண்டு எடுக்கப் போய்விட்டான்.

ரோவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பேப்பர் எப்ப வெளியே வரும்?"

"மூணு மாசமாவது ஆகும்."

"அப்ப இன்னைக்கு அது இல்லை. இதோ பாரு, முதல் தடவை பண்ணினப்ப உன் முடிவு வந்துச்சுதானே? 'டனீடன்ல செஞ்சு பார்த்தாங்க, அதே முடிவு வந்துச்சு.' இதுல பொய் எங்கே இருக்கு?"

"விட்டுப்போன பாதியில இருக்கு, ரோவன்."

"எல்லாரும் பாதியைத்தான் எழுதறோம்" என்றார் அவர். அந்தக் கட்டடத்தில் அதுவரை சொல்லப்பட்ட வாக்கியங்களில் அதிக ஆதாரம் உள்ளது அதுதான்.

அறைக்குத் திரும்பி அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து பார்த்தாள். அழகாக இருந்தது. வேலை, சம்பளம், எலிகள், எல்லாம் அந்த ஒரு வரியில் பத்திரமாக இருந்தன. கூண்டு மூலையில் எலிகள் தள்ளிவைத்த பாசித் தீனி மறுபடி நினைவுக்கு வந்தது. பயமாக இருந்தது. பிறகு அதன் கீழே இரண்டாவது வரியையும் எழுதினாள்: 'தீனியைக் குறைத்த எலிகளோடு ஒப்பிட்டபோது அந்த முடிவு நிற்கவில்லை. என் ஆய்வில் இந்த ஒப்பீட்டை நான் செய்யத் தவறிவிட்டேன்.' யோசிக்க இடம் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

மானியம் வரவில்லை. குழு அவளுடைய நேர்மையைப் பாராட்டி ஒரு பத்தி எழுதியிருந்தது. டிசம்பரில் ரோவன் வாக்குத் தவறாமல் கேக் வாங்கினார். அவளுடைய பதினான்கு வருடப் பங்களிப்பைப் பற்றிப் பேசும்போது கடற்பாசி என்ற சொல்லைத் தவிர்க்க மிகவும் சிரமப்பட்டார். சந்தைக்காரனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் ஆய்விதழ் படிக்கிறவன் இல்லை.

பிப்ரவரியில் கேலமின் கட்டுரை வெளிவந்தது. அந்த வருடம் அந்தத் துறையில் எல்லோரும் பேசிய கட்டுரை அதுதான். இனி தீனிச் சோதனை எதுவானாலும் இந்த ஒப்பீடு இல்லாமல் ஏற்கக்கூடாது என்று மூன்று இதழ்கள் விதி வைத்தன. வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த கெரின் அதை நிறுத்திவிட்டுக் கட்டுரையைத் திறந்தாள். இந்த முறை ஒரு சொல் விடாமல் படித்தாள். கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், ஒரு வரி இருந்தது: 'இந்த ஆய்வின் மிக முக்கியமான சோதனை எங்களுடையதல்ல, பெயர் தெரியாத ஒரு மதிப்பீட்டாளருடையது. அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.'

மூன்று முறை படித்தாள். கண் கலங்கியது. பதினான்கு வருடம் நல்லெண்ணத்தோடு அவள் செய்த எதற்கும் அறிவியல் இப்படி நன்றி சொன்னதில்லை. விஷம் வைக்க நினைத்து எழுதிய ஒன்றுக்குச் சொல்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்துக்குத் திரும்பினாள். 'உங்கள் துறைக்கு நீங்கள் ஆற்றிய மிகச் சிறந்த பங்களிப்பு' என்று கேட்டிருந்த இடத்தில், 'பெயர் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர்' என்று அடித்து, அதை அழித்துவிட்டு, 'இல்லை' என்று எழுதினாள்.