கடைசியா எந்த பட்டனை அழுத்தினீங்க?

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகல் பூரா அடுத்தவங்க புகாரைக் கேட்கிறதுதான் பொழப்பு. லிஃப்ட் நின்னுபோச்சுன்னு யார் போன் பண்ணாலும் முதல் கேள்வி, "கடைசியா எந்த பட்டனை அழுத்தினீங்க?" அதுக்கு மட்டும் ஒருத்தரும் உண்மையைச் சொல்றதில்லையாம். "நான் எதையுமே தொடல சார், அதுவா நின்னுருச்சு." இதைக் கேட்டா இவருக்குப் பத்திக்கிட்டு வரும். "தொடாம எப்படி நிக்கும்? சொல்லித் தொலைச்சா சட்டுன்னு முடியற வேலை!"ன்னு வீட்டுக்கு வந்து என்கிட்ட கத்துவார். நானா அந்த லிஃப்ட்ல போனேன்?

சாயங்காலம் குளிச்சிட்டு வந்தா நேரா கம்ப்யூட்டர்தான். உலகத்துல எங்கெங்கயோ இருக்கிறவங்கல்லாம் சேர்ந்து ஆடுற விளையாட்டு. குகை, பூதம், வாள், மந்திரம். தலை நரைச்ச மனுஷனுக்கு இது தேவையான்னு கேட்டுக் கேட்டு என் வாய் வலிச்சதுதான் மிச்சம். இவர் அதுல வைத்தியர். சண்டையே போடமாட்டார். பின்னாடி நின்னுக்கிட்டு, முன்னாடி அடிபடுறவங்களோட உயிர்க்கோடு இறங்க இறங்க மந்திரம் போட்டு ஏத்திவிடணும். முன்னாடி வாளைத் தூக்கிக்கிட்டுப் போறது யாருங்கிறீங்க? என் நாத்தனார், இவரோட தங்கை. வேற ஊர்ல மருந்துக் கடையில வேலை பார்க்கிறா.

அண்ணனும் தங்கையும் வாய்விட்டுப் பேசி மூணு வருஷமாச்சு. என் மாமனாருக்கு உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னப்போ, தங்கை வந்து சேர்றதுக்குள்ள இவர் சம்மதப் படிவத்துல கையெழுத்து போட்டுட்டார். மாமனார் பிழைக்கல. "படிச்சுக்கூடப் பார்க்காம போட்டுட்டியே அண்ணா"ன்னு அவ ஆஸ்பத்திரி வராந்தாவில கேட்டா. அதோட சரி, போனும் கிடையாது, போக்குவரத்தும் கிடையாது.

ஆனா விளையாட்டை மட்டும் ரெண்டு பேரும் விடல. அதுலயும் ஒரு வார்த்தை பேசிக்கமாட்டாங்க. குகை வாசல்ல, திரையில அவளா நடமாடுற பொம்மை ஒரு குதி குதிக்கும். வா, போலாம்னு அர்த்தமாம். இவர் பொம்மையும் குதிக்கும். அவ முன்னாடி போவா, இவர் பின்னாடியே போய் அவளைச் சாகவிடாம பார்த்துப்பார். என்ன வீம்போ, என்ன பாசமோ! இது புரிஞ்ச அன்னைக்கே நான் கேலி பண்றதை நிறுத்திட்டேன்.

அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்ன கேடு வந்துச்சோ, திடீர்னு ஒரு புது விதி போட்டான். இனிமே அஞ்சு பேர் சேர்ந்தாத்தான் குகைக்குள்ள விடுவானாம். வேற வழியில்லாம முன்னபின்ன தெரியாத மூணு பேரைச் சேர்த்துக்கிட்டுப் போனாங்க. என் நாத்தனார் சுபாவம் நிதானம். ஒரு மூலை விடாம பார்த்துட்டுத்தான் அடுத்த அடி வைப்பா. வந்தவனுங்களுக்கோ கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி அவசரம்.

பூதத்தோட மும்முரமா சண்டை நடக்குது. எல்லார் உயிர்க்கோடும் சரசரன்னு இறங்குது. அந்த நேரம் பார்த்து இவர் திரையில, கோடுகளை மறைச்சுக்கிட்டு ஒரு பெட்டி வந்து நின்னுச்சு. கீழ ஆம், இல்லைன்னு ரெண்டு பட்டன். சனியன் தொலையட்டும்னு இவர் "ஆம்"னு அழுத்திட்டார். அது என்னன்னா, "இவரை வெளியேற்றலாமா?"ன்னு அவ நிதானம் பிடிக்காம அந்த மூணு பேர் கொண்டுவந்த ஓட்டு. மறு நிமிஷம் தங்கச்சியைக் காணோம். யார் யார் ஆம் சொன்னாங்கன்னு அவ திரையில பேரோட வேற காட்டுமாம்.

அடுத்த நாள் அவ வரல. அந்த வாரமே வரல. இவர் குகை வாசல்ல தனியா நின்னு குதிச்சுக்கிட்டு இருந்தார்.

"போன் பண்ணித்தான் பேசுங்களேன்."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு? மறுபடியும் படிக்காம போட்டுட்டேன்னு சொல்லவா?"

விளையாடுறவங்க குறை சொல்றதுக்குன்னு கம்பெனி ஒரு பக்கம் வெச்சிருக்கு. போய்ப் பார்த்தா ஒரே வசவு. "வைத்தியரை எதுக்கும் உதவாம ஆக்கிட்டீங்க", "நாசமாப் போங்க", இப்படி. ஞாயித்துக்கிழமை காலையில இவரும் உட்கார்ந்து, ஒத்தை விரலால தட்டித் தட்டி எழுதினார். நான் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சேன்.

"நானும் என் தங்கையும் ரெண்டு பேரா ஆடிக்கிட்டு இருந்தோம். உங்க புது விதியால அது போச்சு. சண்டை நடுவுல ஓட்டுப் பெட்டியைக் காட்டாதீங்க. கடைசியா அழுத்தின பட்டன்: ஆம். அழுத்தினது நான். படிக்காம அழுத்தினேன். தங்கையை வெளியே அனுப்பிட்டேன்."

"ஏங்க, நாலு பேர் பார்க்கிற இடத்துல இதையெல்லாம் எதுக்கு எழுதறீங்க? தப்பைக் கம்பெனி மேல போட்டுட்டு விடுங்க."

"எதை அழுத்தினோம்னு சொல்லாத புகாரை வெச்சுக்கிட்டு எதையும் சரி பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டு அனுப்பிட்டார்.

மறுநாள் கம்பெனிக்காரன் பதில் போட்டிருந்தான். "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி." அந்த நன்றியைத் தூக்கி உடைப்புல போடு! அதுக்குக் கீழ ஒருத்தன், "தாத்தா, கண்ணாடி மாட்டிக்கிட்டு ஆடுங்க"ன்னு நக்கல் பண்ணியிருந்தான். அதுக்கும் கீழ அவ பேர் இருந்துச்சு. வாளோட முன்னாடி போறவ பேர்.

"வைத்தியர் சொல்றது சரி. உயிர் போயிட்டு இருக்கும்போது பெட்டியை நீட்டி ஆமா இல்லையான்னு கேட்டா, யாருக்குப் படிக்க நேரம் இருக்கும்? அழுத்தினவர் மேல தப்பில்ல. அன்னைக்கும் இல்ல."

இவர் அதைத் திரும்பத் திரும்பப் படிச்சார். நான் போனை எடுத்து அவர் கையில திணிச்சேன்.

அவ எடுத்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கம்பெனியைத் திட்ட ஆரம்பிச்சாங்க பாருங்க, எனக்கே பாவமாப் போச்சு. அப்பா பேச்சே வரல. போனை வைக்கப் போற நேரத்துல இவர் குரலைத் தாழ்த்தி, "நிஜமாவா பாப்பா?"ன்னு கேட்டார்.

அந்தப் பக்கம் அவ என்ன சொன்னாளோ எனக்குக் கேட்கல. அவ வெச்ச பிறகும் இவர் போனைக் காதுலயே வெச்சுக்கிட்டு நின்னார். அப்பா போன அன்னைக்கு அழாத மனுஷன், அன்னைக்குத்தான் அழுதார்.