ஆயிரத்து ஒன்பதாவது விளக்கு

பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் 1008 அகல் விளக்குகளை அடுக்கும் பொறுப்பு எனக்கு. கணக்கு டியூஷன் எடுப்பவளுக்கு அதைவிட நல்ல எண் வாய்க்காது. முப்பது எண்களால் மீதியின்றி வகுபடும். முப்பத்தாறு முப்பத்தாறாக இருபத்தெட்டு வரிசைகள், கச்சிதம். அப்போது ஓர் அக்கா ஒற்றை விளக்கோடு வந்தார்.

“இதையும் சேர்த்து வைம்மா.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “1009 பகா எண்க்கா. எதாலயும் வகுபடாது. சம வரிசையா அடுக்கவே முடியாது. வேணும்னா ஒரே நீள வரிசையா வைக்கலாம்.”

“அப்ப அப்படியே வை லா” என்றார் அவர்.

கலைத்துவிட்டு மண்டபத்தைச் சுற்றி வளையமாக வைத்தோம். எல்லாம் எரிந்த பிறகு, கூடுதலாக வந்த விளக்கு எது என்று தேடினேன். அந்த வளையத்தில் கூடுதல் என்று ஒன்று இல்லவே இல்லை.