சீனக் குரல் தொடங்கும் முன்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் என் எதிர்வீட்டில் இருப்பவர் விமலராணி. முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் சாரங்கி ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். விமலராணி மனம்விட்டுப் பேசியது பருத்தித்துறையில் இருந்த தமக்கை தவமலரோடுதான். தினமும் தேநீர் நேரத்தில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, அதில் முகம் பார்த்துப் பேசுவார்.

2017 ஐப்பசியில் சீனத் தொலைக்காட்சிக்காரர் சிலர் இங்கே வந்தார்கள். இணையத்தைப் பற்றிய ஆவணத் தொடருக்காக, சகோதரிகள் பேசுவதைப் பிற்பகல் முழுவதும் படம் பிடித்துப் போனார்கள். பிறகு யாரும் அதை நினைக்கவில்லை.

சென்ற மாசியில் தவமலர் காலமானார்.

"படம் எவ்வளவோ கிடக்கு அண்ணை, குரல்தான் இல்லை. இத்தனை வருசம் கதைச்சும் ஒண்டையும் பதிஞ்சு வைக்கேல்லை" என்றார் விமலராணி. அப்போதுதான் சீனக்காரர் ஞாபகம் வந்தது.

சாரங்கி அவர்களுக்கு எழுதிக் கேட்டாள். சித்திரையில் தொடரின் இணைய இணைப்பு வந்தது. அதைத் திறந்து தர விமலராணி என்னைக் கூப்பிட்டார். போனால், சேலை உடுத்து நின்றார்.

"என்ன, கலியாண வீட்டுக்கோ?"

"அக்கா என்னைப் பாப்பா எண்ட நினைப்பிலை உடுத்திட்டன்."

மூன்றாம் பாகம் என்று சாரங்கி சொல்லியிருந்தாள். ஐந்தாம் பாகத்தில்தான் இருந்தது. சீனிப் போத்தல், கைபேசி, அதற்குள் தவமலர்.

"ராணி, கேக்குதே? என்னடி இவ்வளவு பவுடர்? பொம்பிளை பாக்கவோ வந்திருக்கிறாங்கள்?"

அவ்வளவுதான். அதற்கு மேல் இணையத்தைப் பற்றி விளக்கும் ஒரு பெண்ணின் சீனக் குரல் ஏறிவிட்டது. தவமலரின் வாய் மட்டும் அசைந்தது. படத்தில் விமலராணி விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் ஏன் இப்பிடிச் சிரிக்கிறன்? அக்கா என்ன சொன்னவ?"



சாரங்கியைத் தொலைபேசியில் அழைத்தார். சீனக் குரல் சேர்க்காத பதிவையும் தரும்படி அவர்களிடம் கேட்டுப் பார்த்ததாகவும், அதை அழித்துவிட்டார்களாம் என்றும் அவள் டேனிஷில் சொன்னாள்.

இப்போதும் தேநீர் நேரத்தில் கைபேசி சீனிப் போத்தலில் சாய்ந்திருக்கிறது. சீனக் குரல் தொடங்கும் முன் படத்தை நிறுத்திவிட்டு, "ஓமக்கா, கேக்குது" என்கிறார். பிறகும் ஏதோ சொல்கிறார். என்னவென்று கேட்டேன்.

"பவுடருக்கு அண்டைக்கு என்ன மறுமொழி சொன்னனான் எண்டு ஞாபகமில்லை அண்ணை. ஒவ்வொரு நாளும் வேறை வேறையாச் சொல்லிப் பாக்கிறன்."